தேங்காயெண்ணெயும் நான் எழுதிய ஒரு செய்தியும்

கல்முனையிலிருந்து தெற்கே சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், அக்கரைப்பற்று எனச் செல்லும் கரையோர வீதியில் பயணித்தவர்களுக்கு அந்த நிலத்தின் அமைப்பு நினைவிலிருக்கும். கிழக்கே கடல், மேற்கே நெல்வயல், இரண்டுக்கும் நடுவே தென்னையும் குடிமனைகளும். அக்கரையோர மக்களின் உணவும் அவ்வமைப்பின்படியே உருவானது. வயல் சோற்றையும் கடல் மீனையும் தந்தன. தேங்காய் இரண்டையும் இணைத்தது. பாலாணம், சொதி, சம்பல், பிட்டு, வட்டிலப்பம் என எதை எடுத்தாலும் தேங்காயின்றி அமையாது. 1978 நவம்பர் 23 ஆம் திகதி வீசிய சூறாவளி கிழக்குக் கரையின் தென்னைகளைப் பெருமளவில் சாய்த்தபோதுகூட எமது மக்கள் தேங்காயைக் கைவிடவில்லை.

சூறாவளியால் செய்ய முடியாததைப் பத்திரிகைச் செய்திகள் செய்தன. அவற்றுள் ஒன்றை எழுதியவன் நான்.

1980களின் இறுதியில் கொழும்பில் ஒரு பத்திரிகையின் ஆசிரியபீடத்தில் பணியாற்றிக்கொண்டிருந்தேன். தேங்காயெண்ணெய் இரத்தக் குழாய்களை அடைத்து மாரடைப்பை உண்டாக்குகிறது என்று அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு செய்தியைத் தமிழாக்கி, அச்சமூட்டும் தலைப்பொன்றையும் இட்டு அச்சுக்கு அனுப்பினேன். அடுத்த நோன்புப் பெருநாளுக்கு ஊர் சென்றபோது உம்மாவின் அடுப்படியில் தேங்காயெண்ணெய்ப் போத்தலைக் காணவில்லை. அந்த இடத்தில் ஒரு மாஜரின் டின் இருந்தது. "நீ எழுதினதத்தான் மகன் வாசிச்சுக் காட்டினாங்க" என்றார் உம்மா. அவரது குரலில் பெருமிதம் இருந்தது. எனக்கும் அன்று பெருமையாகவே இருந்தது.

அச்செய்தியின் பின்னணி என்ன என்பதைத் தேடி வாசித்தது பல ஆண்டுகள் கழித்துத்தான்.

1913 இல் ரஷ்யாவின் சென் பீற்றர்ஸ்பேர்க் நகரில் நிக்கலாய் அனிச்கோவ் என்பவர் முயல்களுக்குக் கொலஸ்ட்ரோலை ஊட்டி, அவற்றின் இரத்தக் குழாய்களில் கொழுப்புப் படிவதைக் காட்டினார். 1958 இல் அமெரிக்கரான அன்சல் கீஸ் ஏழு நாடுகளில் ஆய்வொன்றைத் தொடங்கினார். நிறைவுற்ற கொழுப்பு அதிகம் உண்ணப்படும் இடங்களில் இதய நோயும் அதிகம் என்பது அதன் முடிவு. அமெரிக்கா, பின்லாந்து, நெதர்லாந்து, இத்தாலி, யூகோஸ்லாவியா, கிரேக்கம், ஜப்பான் என்பவையே அந்த ஏழு நாடுகள். தேங்காயை அன்றாட உணவாகக் கொண்ட நாடு எதுவும் அவற்றுள் இல்லை என்பது கவனிக்கத்தக்கது. ஆயினும் தேங்காயெண்ணெயின் கொழுப்பில் ஏறத்தாழ 90 வீதம் நிறைவுற்றது என்பதால், பாலாடைக்கும் மாட்டுக் கொழுப்புக்கும் வழங்கப்பட்ட தீர்ப்பு அதற்கும் பொருந்தும் எனக் கொள்ளப்பட்டது.

1980களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் சோயா உற்பத்தியாளர் அமைப்பு வெப்பவலய எண்ணெய்களுக்கு எதிராகப் பிரசாரம் செய்தது. 1988 இல் பில் சொக்கொலொஃப் என்ற நெப்ராஸ்கா வர்த்தகர் பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரங்களை வெளியிட்டார். மாரடைப்பிலிருந்து பிழைத்த அவரது நோக்கம் நேர்மையானது. அங்குள்ள உணவு நிறுவனங்கள் பணிந்து, தேங்காயெண்ணெய்க்கும் பாம் எண்ணெய்க்கும் பதிலாகப் பகுதியளவில் ஐதரசன் ஏற்றப்பட்ட எண்ணெய்களைப் பயன்படுத்தத் தொடங்கின.

அந்த மாற்றீடே பெரும் தவறாக முடிந்தது. 1990 இல் நெதர்லாந்து ஆய்வாளர்களான மென்சிங்கும் கற்றானும், ஐதரசன் ஏற்றும்போது உருவாகும் டிரான்ஸ் கொழுப்பு, தீய கொலஸ்ட்ரோலான எல்.டி.எல். ஐ உயர்த்துவதோடு நல்ல கொலஸ்ட்ரோலான எச்.டி.எல். ஐக் குறைக்கவும் செய்கிறது எனக் காட்டினர். அக்காலத்து மாஜரின்கள் பலவற்றில் இருந்தது இக்கொழுப்பே. அதனை உலக உணவிலிருந்து முற்றாக அகற்றவேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2018 இல் அறைகூவல் விடுத்தது. உம்மாவின் அடுப்படியில் நான் ஏற்படுத்திய மாற்றம் எத்தகையது என்பது அப்போது எனக்குப் புரிந்தது.

இத்தனைக்கும், நாம் கேட்கவேண்டிய கேள்வியை எமது நாட்டிலேயே கேட்டவர்கள் இருந்தார்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பேராசிரியர் சாந்தி மென்டிஸும் அவரது குழுவினரும் இலங்கை இளைஞர்களின் வழமையான உணவிலிருந்த தேங்காயெண்ணெய்க்குப் பதிலாகச் சோள எண்ணெயைக் கொடுத்துப் பார்த்தனர். 1989 இல் வெளியான முடிவின்படி மொத்தக் கொலஸ்ட்ரோல் சுமார் 19 வீதமும் எல்.டி.எல். சுமார் 24 வீதமும் குறைந்தன. ஆனால் காக்கும் கொழுப்பெனப்படும் எச்.டி.எல். சுமார் 41 வீதம் வீழ்ந்தது. தேங்காயை வெறுப்போர் முதற் பாதியையும் விரும்புவோர் மறு பாதியையும் எடுத்துக்கொண்டனர். இரண்டையும் சேர்த்துச் சொல்லவேண்டியது பத்திரிகையாளரின் கடமை. நான் எழுதிக்கொண்டிருந்த காலத்திலேயே வெளிவந்த இந்த ஆய்வைப் பற்றி நான் ஒரு வரியும் எழுதவில்லை. அமெரிக்காவிலிருந்து வந்த செய்தி தலைப்பாயிற்று. பேராதனையின் ஆய்வு என் கண்ணில் படவேயில்லை.

எம்மைப் போன்றே மீனும் தேங்காயும் உண்டு வாழ்ந்த பசுபிக் தீவுவாசிகளைப் பற்றி இயன் பிரயர் என்ற நியூசிலாந்து மருத்துவர் 1981 இல் எழுதிய ஆய்வும் இங்கு நினைவுகூரத்தக்கது. டொக்கெலாவ் தீவினர் தமது உணவுச் சக்தியில் 63 வீதத்தையும், புக்காபுக்கா தீவினர் 34 வீதத்தையும் தேங்காயிலிருந்து பெற்றனர். முன்னவரின் கொலஸ்ட்ரோல் பின்னவரைவிட அதிகமாகவே இருந்தது. ஆயினும் இரு தீவுகளிலும் இரத்தக் குழாய் நோய்கள் அரிதாகவே காணப்பட்டன. நியூசிலாந்தில் குடியேறிய டொக்கெலாவ் மக்களோ தேங்காயைக் குறைத்தனர். சீனியும் மாவும் கூடின. உடல் எடையும் கூடியது, இரத்தக் கொழுப்பின் நிலையும் கெட்டது.

இதை வைத்துக்கொண்டு தேங்காயெண்ணெய் நிரபராதி எனத் தீர்ப்பளிப்பதும் தவறு. கடந்த இருபதாண்டுகளாக ஊசல் மறுபக்கம் ஆடுகிறது. தேங்காயெண்ணெயைக் கரண்டியால் அருந்தினால் உடல் மெலியும் என்றொரு நம்பிக்கை பரவியுள்ளது. நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பமிலங்களைப் பிரித்தெடுத்து ஊட்டிய ஆய்வுகளிலிருந்து பிறந்த நம்பிக்கை அது. தேங்காயெண்ணெயில் ஏறத்தாழப் பாதியாக உள்ள லோரிக் அமிலமோ உடலில் பெரும்பாலும் நீண்ட சங்கிலிக் கொழுப்பைப் போலவே நடந்துகொள்கிறது. 2020 இல் 'சர்க்குலேஷன்' மருத்துவ இதழ் 16 பரிசோதனைகளைத் தொகுத்து வெளியிட்ட ஆய்வு இதனைத் தெளிவாக்கியது. ஏனைய தாவர எண்ணெய்களோடு ஒப்பிடுகையில் தேங்காயெண்ணெய் எல்.டி.எல். ஐ ஒரு டெசிலீற்றருக்குச் சுமார் 10 மில்லிகிறாமும், எச்.டி.எல். ஐ 4 மில்லிகிறாமும் உயர்த்தியது. உடல் எடையில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவுமில்லை. எந்த எண்ணெயாயினும் ஒரு கிறாமில் 9 கலோரி. ஒரு மேசைக்கரண்டியில் ஏறத்தாழ 120 கலோரி. ஒலிவ் எண்ணெயும் இதற்கு விலக்கல்ல.

ஆகவே 'தேங்காயெண்ணெய் நல்லதா, கெட்டதா?' என்பதைவிட, 'எவ்வளவு, எதற்குப் பதிலாக, எதனோடு?' என்று கேட்பதே முறை. வயலில் நாள் முழுதும் நின்றவரும் கரைவலை இழுத்தவரும் சாளை மீனோடு உண்ட பாலாணம் வேறு. மோட்டார் சைக்கிளில் அலுவலகம் சென்று திரும்புபவர் நோன்பு திறந்ததும் உண்ணும் சமோசாவும், இரவு உண்ணும் கொத்துரொட்டியும், திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயும் வேறு. எல்.டி.எல். உயர்ந்தவர்கள் தம் வைத்தியரின் சொற்படி தேங்காயெண்ணெயைக் குறைத்து, நிறைவுறா எண்ணெய்களை அளவோடு பயன்படுத்துவதே அறிவுடைமை. ஏனையோர் பாலாணத்துக்கு அஞ்சுவதைவிடப் பொரித்த பண்டங்களுக்கும் சீனிக்கும் அஞ்சுவது நல்லது.

உம்மா பின்னாளில் மாஜரினைக் கைவிட்டார். அதுவும் ஆய்வைக் கேட்டல்ல. "ஆணத்துக்கு ருசி இல்ல" என்பதே அவர் சொன்ன காரணம். எனது தவறை அவரிடம் ஒப்புக்கொள்ளும் வாய்ப்பு எனக்குக் கிட்டவில்லை. அன்று அச்செய்தியை வாசித்து எண்ணெயை மாற்றிய வாசகர் எவரேனும் இன்று இதை வாசிக்க நேர்ந்தால், இந்தத் திருத்தத்தை அவர்கள் ஏற்றுக்கொள்ளவேண்டும்.