பட்டம் வென்ற அணியும் அதன் ஊரும்

நம் ஊரின் பெருமையைப் பிறர்க்குச் சொல்லப் புகுந்தால், கோயிலைச் சொல்வோம், ஆற்றைச் சொல்வோம், சந்தையைச் சொல்வோம். பொள்ளாச்சியில் பிறந்த நானும் மாட்டுச் சந்தையையும் தென்னந்தோப்பையும் சொல்லியே வளர்ந்தவன். இத்தாலி நாட்டிலோ, சிறிய ஊர்க்காரர்கள் இவற்றோடு இன்னொன்றையும் சேர்த்துச் சொல்வார்கள். அதுதான் அவ்வூர்க் கால்பந்துக் கழகம். நம் கொங்கு நாட்டிலும் அப்படிச் சொல்லிக்கொள்ளத்தக்க கழகம் ஒன்று சில ஆண்டுகள் விளங்கியது. அதன் வரலாற்றைக் கூறுமுன், இத்தாலியக் கழகம் ஒன்றைப் பார்த்துவிட்டு வருவோம்.

வட இத்தாலியில் தூரின், மிலான் என்னும் இரு பெருநகரங்களுக்கும் இடையே உள்ளது வெர்செல்லி. நம் ஆனைமலைப் பக்கம் போலக் கால்வாய் நீரில் நெல் விளையும் பூமி அது. அங்கிருந்த உடற்பயிற்சிச் சங்கம் ஒன்று 1903-இல் கால்பந்தாட்டத்தைக் கைக்கொண்டது. ‘ப்ரோ வெர்செல்லி’ என்பது அதன் பெயர். 1908 முதல் 1922 வரையுள்ள காலத்தில் இச்சிறு நகரத்தின் கழகம் இத்தாலியின் தலைமைப் பட்டத்தை ஏழு முறை வென்றது. 1913-இல் பெல்ஜியத்தை எதிர்த்து ஆடிய இத்தாலிய அணியின் பதினொருவரில் ஒன்பது பேர் இக்கழகத்தார் என்றால், வேறு சான்றும் வேண்டுமோ?

ஆனால் ஆட்டத்தில் பணம் புகுந்ததும் நிலைமை மாறிற்று. இக்கழகம் வளர்த்தெடுத்த பியோலா என்னும் பேராட்டக்காரர் 1934-இல் உரோமாபுரியின் லாசியோ கழகத்துக்குப் போனார். மறு ஆண்டே வெர்செல்லி முதல் வகுப்பிலிருந்து இறங்கியது. பின்னர் அங்கே திரும்பவே இல்லை. 2010-இல் பொருள் நெருக்கடியால் கழகமே குலைந்தது. அப்போது அதே ஊரிலிருந்த மற்றொரு கழகம் முன்வந்து, அந்தப் பழம்பெயரைத் தான் ஏற்றுக்கொண்டது. 2012-இல் அறுபத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின் இரண்டாம் வகுப்புக்கும் ஏறியது. கழகம் வீழ்ந்தாலும் அதன் பெயரை ஊர் விடவில்லை.

இனி நம் கதைக்கு வருவோம். சென்னை சிட்டி என்னும் கழகம் 1946-இல் தோன்றியதாகச் சொல்வர். நெடுங்காலம் சென்னையின் உள்ளூர்ப் பந்தயங்களில் ஆடி வந்த அது, 2016-17 பருவத்தில் ‘ஐ-லீக்’ என்னும் தேசியப் போட்டியில் இடம் பெற்றது. சென்னைப் பெரிய அரங்கில் அப்போது வேறொரு கழகம் ஆடிக்கொண்டிருந்தது. சென்னை சிட்டியோ கோவை நேரு விளையாட்டரங்கைத் தன் இல்லமாகக் கொண்டது. பெயர் சென்னை, வீடு கோவை!

முதல் இரண்டு பருவங்களிலும் பட்டியலின் கீழ்ப்பாதியிலேயே அது நின்றது. ஆயினும் குமரிக் கடற்கரையிலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ் போன்ற இளைஞர்கள் அங்கே ஒளிவிடத் தொடங்கினார்கள். 2018-இல் சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் பயிற்சியாளராக இருந்து புதிய அணியை உருவாக்கினார். உருகுவேயில் பிறந்த பெத்ரோ மான்சியும், ஸ்பெயினிலிருந்து வந்த சாந்த்ரோ, நெஸ்தர் ஆகியோரும், எட்வின் வன்ஸ்பால், ரொமாரியோ ஜேசுராஜ் முதலிய நம் மாநிலத்து ஆட்டக்காரரும் அதில் ஒன்றுகூடினர். முதல் ஆட்டத்திலேயே மான்சி மூன்று கோல்கள் அடித்தார். அந்தப் பருவத்தில் அவர் அடித்தவை 21.

2019 மார்ச் 9-ஆம் நாள் கடைசி ஆட்டம். சென்னை சிட்டியிடம் 40 புள்ளிகள். கல்கத்தாவின் பழம்பெரும் ஈஸ்ட் பெங்காலிடம் 39. கோவையில் முந்திய ஆண்டின் பட்டக்காரராகிய மினர்வா பஞ்சாபும், கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் களமிறங்கினர். ஆட்டம் தொடங்கிச் சில நிமிடங்களிலேயே மினர்வா ஒரு கோல் அடித்துவிட்டது! இடைவேளை வரை அது ஈடாகவில்லை. அப்பால் மான்சி தண்டனை உதையில் சமன் செய்தார். கௌரவ் போரா ஒன்று அடித்தார். நேரம் முடிந்து கூடுதல் நிமிடங்களில் மற்றொன்றும் அடித்தார். மூன்றுக்கு ஒன்று! கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் வென்றுவிட்டது. ஆகவே கோவை ஆட்டம் சமனில் முடிந்திருந்தாலும் பட்டம் கைநழுவியிருக்கும். ஒரே புள்ளியில் தமிழகத்துக்கு முதன்முதலாக ஐ-லீக் பட்டம் வந்தது. அது கோவை மண்ணில் வந்தது.

அதன் பிறகு நடந்தது என்ன? சுவிட்சர்லாந்தின் பாசல் கழகம் 26 விழுக்காட்டுப் பங்கை வாங்கியிருந்தது. ஆசியப் போட்டிக்கும் வாய்ப்புக் கிடைத்தது. ஆனால் 2020 சனவரியில் பஹ்ரைனின் ரிஃபா கழகத்தை எதிர்த்த ஆட்டம் அகமதாபாத்தில் நடந்தது. ஒரு கோலில் தோல்வி. தாங்கள் வளர்த்த அணியின் முதல் ஆசிய ஆட்டத்தைக் கோவை மக்கள் தம் ஊரில் காண இயலவில்லை. முன்னணி ஆட்டக்காரர் சிலர் வேறு கழகங்களுக்குப் போயினர். தொற்றுநோய்க் காலத்தில் போட்டி முழுவதும் வங்காளத்திலேயே நடந்தது. 2021-22 பருவம் தொடங்கியபோது பங்கேற்ற அணிகளிடையே சென்னை சிட்டி இல்லை. பட்டம் வென்று மூன்று ஆண்டுகள்கூட நிறையவில்லை.

இது கோவைக்கு மட்டும் நேர்ந்த விதியன்று. 1996-97-இல் முதல் தேசிய லீக்கை வென்றது பஞ்சாபில் பக்வாரா என்னும் ஊரின் நெசவாலை அணியான ஜே.சி.டி. அதுவும் 2011-இல் கலைக்கப்பட்டது. ஆலை கைவிட்டதும் அணி போயிற்று.

ஒரு கழகம் நிலைப்பது எதனால்? வெற்றியால் என்றால் இவை இரண்டும் நிலைத்திருக்க வேண்டும். பணத்தால் என்றால் வெர்செல்லி 1934-லேயே மறைந்திருக்க வேண்டும். அணி தோற்கும்போதும் அரங்குக்கு வருகிறவன், இது எங்களுடையது என்று எண்ணுகிறானே, அந்த எண்ணமே கழகத்தின் வேர். அது ஊன்றச் சில தலைமுறைகள் வேண்டும். ஊர்ப் பிள்ளைகள் அணியில் ஏற வேண்டும். பெயரிலும் ஊர் இருக்க வேண்டும். நமக்கு நல்ல அணி வாய்த்தது, நல்ல ஆட்டம் வாய்த்தது. வேரூன்றக் காலம்தான் வாய்க்கவில்லை. பட்டம் வென்றோர் வரிசையில் தேடினால் சென்னையின் பெயர் கிடைக்கும். அந்தப் பட்டம் கோவையில் வெல்லப்பட்டது என்பதை நாம்தான் நம் பிள்ளைகளுக்குச் சொல்லி வைக்க வேண்டும்.