சந்திரசேகரின் கணக்கும் பறந்த தொலைநோக்கியும்

விண்மீன்கள் பிறக்கும் வாயு மேகங்களை ஈர்ப்பு சுருக்க முயல்கிறது. காந்தப்புலம் அதனைத் தடுக்க முயல்கிறது. அப்புலத்தின் வலிமையை எவ்வாறு அறிவது?

1949இல் ஹால், ஹில்ட்னர் ஆகியோர் விண்மீன் ஒளி தளவிளைவுற்று வருவதைக் கண்டறிந்தனர். காந்தப்புலத்தால் ஒழுங்குபட்ட தூசித் துகள்களே அதற்குக் காரணம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர், 1953இல் என்ரிகோ பெர்மியுடன் இணைந்து ஒரு வழி வகுத்தார். புலம் வலிதாயின் அதன் கோடுகள் நேராக நிற்கும். மெலிதாயின் வாயுவின் கொந்தளிப்பு அவற்றைக் கலைக்கும். ஆகவே கோடுகளின் திசைச் சிதறல், வாயுவின் அடர்த்தி, அதன் வேகச் சிதறல் ஆகிய மூன்றும் தெரிந்தால் வலிமையைக் கணிக்கலாம்.

அடர்ந்த மேகங்களின் உட்புறத்தை அறிய, தூசி உமிழும் அகச்சிவப்புக் கதிரையே நாட வேண்டும். அக்கதிரையோ வளிமண்டல நீராவி விழுங்கிவிடும். கிள்ளான் பள்ளத்தாக்கின் ஈரக்காற்றில் வாழும் நாம் இத்தடையை எளிதில் உணரலாம். எனவே அமெரிக்காவும் ஜெர்மனியும் போயிங் 747 வானூர்தியில் 2.7 மீட்டர் தொலைநோக்கியைப் பொருத்தி, ‘சோபியா’ எனப் பெயரிட்டு, ஏறத்தாழ 12 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கவிட்டன. அது ஓரியன் மேகத்தின் புலத்தை வரைந்தது. வலிமையைக் கணிக்க 1953இன் வழியே, திருத்தங்களுடன், உதவியது.

சோபியா 2022 செப்டம்பரில் ஓய்வுபெற்றது. அதன் தரவுகள் யாவர்க்கும் திறந்துள்ளன. தொலைநோக்கி இல்லையே என நம் மாணவர் தயங்க வேண்டுவதில்லை. சந்திரசேகர் அன்று கையாண்டவையும் பிறர் எடுத்த அளவீடுகளே.