நீடிப்பு: நம் மலையில் ஒரு வீசாக் கதை

கொஞ்சம் நீளமான பதிவு. பாடசாலை விடுமுறை என்பதால் ஆறுதலாக எழுதுகிறோம். வெளிநாட்டவர்களை ஏற்றி இறக்கும் ஓட்டோத் தம்பிமார், ஹோம்ஸ்டே நடத்துகிறவர்கள், விசிட் வீசாவில் டுபாய் போகத் துடிக்கும் பிள்ளைகளின் பெற்றோர், எல்லோருக்கும் இதில் விஷயம் இருக்கிறது.

மலைக்குப் போகும் சீசன் தொடங்கிய கையோடு ஒரு நாள், ஹட்டன் ஸ்டேஷனுக்கு முன்னால் நம் பழைய மாணவர் ஒருவர் கூப்பிட்டார். ஓட்டோ ஓட்டுகிறார். அவரிடம் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி. 30 நாள் வீசா முடிய இன்னும் நாலு நாள்தான் மிச்சமாம். நல்லதண்ணிக்குப் போய் மலை ஏற வேண்டும், பிறகு எல்லவுக்குப் போக வேண்டும், அதற்குப் பிறகும் இருக்க ஆசை. எங்கே போய் நீடிப்பது என்று கேட்டார்கள். நாம் ஆங்கிலத்தில் விளங்கப்படுத்துவதற்குள் மாணவரே போனை எடுத்துக் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் தளத்தைத் திறந்து காட்டிவிட்டார். பத்தரமுல்லைக்குப் போகத் தேவையில்லை, ஒன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம் என்றதும் அந்தப் பெண்ணுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் இருந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர், வயது எண்பதுக்கு மேல், நம்மிடம் கேட்டார்: "மாஸ்டர், போன்லயே எக்ஸ்டென்ஷன் எடுக்கலாமா? எங்க மாமு இதே எக்ஸ்டென்ஷனுக்காகக் கொழும்புக்கு அலைஞ்சு செருப்புத் தேஞ்ச மனுசன். கடைசியில கடையைக் கொடுத்துட்டுக் கப்பல் ஏறிட்டார்."

அன்று இரவு நமக்குத் தூக்கம் வரவில்லை. ஏனென்றால் அந்த வெள்ளைக்காரப் பெண்ணும் பெரியவருடைய மாமுவும் நின்றது ஒரே சட்டத்தின் கீழ்தான். 1948ஆம் ஆண்டின் 20ஆம் இலக்க குடிவருவோர் குடியகல்வோர் சட்டம். 1949 நவம்பர் 1ஆம் திகதி அமுலுக்கு வந்தது. திருத்தங்கள் எத்தனையோ வந்தாலும் இன்றைக்கும் அடிச் சட்டம் அதுதான்.

அதற்கு முன்பு எப்படி? நம் பிள்ளைகளுக்கு இப்னு பதூதாவைப் பற்றி வகுப்பில் சொல்வோம். 1344இல் இந்தத் தீவுக்கு வந்தார். புத்தளத்தில் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்தார். மூன்று நாள் விருந்தாளியாக இருந்தார். என்ன வேண்டும் என்று அரசர் கேட்டபோது, ஆதம் நபியின் பாதம் பதிந்த மலையைப் பார்க்க வேண்டும், வேறொன்றும் வேண்டாம் என்றார். அரசர் பல்லக்குக் கொடுத்தார். வழிகாட்ட யோகிகளும் பிராமணர்களும், சாமான் சுமக்கப் பதினைந்து பேரும் கூடப் போனார்கள். அந்தக் காலத்து வீசா அதுதான். எத்தனை நாள் என்று அதில் எழுதியிருக்கவில்லை.

தோட்டங்களுக்கு ஆள் கொண்டுவந்த காலத்திலும் தாளில் நாள் கணக்கு இல்லை. 1900களின் தொடக்கத்தில் வந்தவர்களுக்குக் கொடுத்தது தகரத் துண்டு. தோட்டத்தின் எழுத்தும் இலக்கமும் அதில் பொறித்திருக்கும். கழுத்தில் தொங்கவிட்டு மண்டபம் முகாம் வழியாக அனுப்பினார்கள். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் கப்பல் தொடங்கிய பிறகு பயணம் இன்னும் இலேசாயிற்று. தோட்டத்து ஆட்கள் மட்டுமல்ல, கீழக்கரை, தொண்டி, காயல்பட்டினம் பக்கத்து நம்மவர்களும் இந்த வழியாகத்தான் வந்து ஹட்டன், தலவாக்கலை, நாவலப்பிட்டி, நுவரெலியா கடைத்தெருக்களில் புடவைக் கடையும் பலசரக்குக் கடையும் போட்டார்கள். குடிசன மதிப்பீட்டிலேயே 'இந்தியச் சோனகர்' என்று தனிப் பிரிவு இருந்தது.

அவர்களுடைய வியாபாரத்துக்கு ஒரு வழமை உண்டு. கடையில் இரண்டு மூன்று பங்காளிகள். ஒருவர் இங்கே கடையைப் பார்ப்பார், மற்றவர் ஊருக்குப் போய்ப் பெண்டு பிள்ளைகளோடு ஒரு வருடமோ ஒன்றரை வருடமோ இருந்துவிட்டு வருவார். பிறகு முறை மாறும். தோட்டத்து மக்களும் கலியாணம், பிள்ளைப்பேறு, குலதெய்வக் கும்பிடு என்று ஊருக்குப் போவார்கள். அங்கே யாருக்காவது வருத்தம் என்றால் பயணம் இரண்டு மாதம் நீளும். அதை யாரும் குற்றமாக நினைக்கவில்லை.

1949இல் வந்த இன்னொரு சட்டம் அதைக் குற்றம்போல ஆக்கிவிட்டது. இந்திய பாகிஸ்தானிய வதிவோர் (பிரஜாவுரிமை) சட்டம், 3ஆம் இலக்கம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் நாடற்றவர்களானவர்கள் இதன் கீழ் விண்ணப்பித்துப் பிரஜாவுரிமை பெறலாம் என்றார்கள். நிபந்தனை என்ன? 1946 ஜனவரி 1ஆம் திகதிக்கு முன்பு, கலியாணம் முடித்தவர் ஏழு வருடமும் முடிக்காதவர் பத்து வருடமும் தொடர்ச்சியாக இங்கே வசித்திருக்க வேண்டும். அதற்குப் பிறகும் விண்ணப்பிக்கும் நாள் வரை அது அறுந்திருக்கக் கூடாது. இடையில் ஊருக்குப் போகலாம், ஆனால் ஒரு தடவை போனால் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் தங்கியிருக்கக் கூடாது.

இந்தப் பன்னிரண்டு மாதத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 1939 ஓகஸ்ட் 1ஆம் திகதி இந்திய அரசாங்கம் தொழிலாளர்கள் இலங்கைக்கு வருவதைத் தடை செய்தது. அந்த நேரம் ஊருக்குப் போயிருந்தவர்கள் திரும்ப முடியாமல் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். 1942 ஏப்ரலில் கொழும்பில் ஜப்பான் குண்டு போட்டபோது பயந்து ஊருக்கு ஓடியவர்களும் உண்டு. அவர்கள் ஆசைப்பட்டா லீவை நீட்டினார்கள்? ஒரு வருடம் தாண்டிவிட்டதென்றால் 'தொடர்ச்சி' அறுந்தது. பிள்ளை பிறந்ததும் உழைத்ததும் இந்த மண்ணில் என்றாலும் கணக்கில் வராது.

நம்மவர்களுக்கு இன்னொரு முடிச்சும் இருந்தது. கலியாணம் முடித்தவர் விண்ணப்பித்தால், அவருடைய மனைவி கலியாணமாகி ஒரு வருடத்துக்குள் இங்கே வந்து அதற்குப் பிறகு தொடர்ச்சியாக இங்கேயே இருந்திருக்க வேண்டும். மனைவி கீழக்கரையில், கடை ஹட்டனில் என்று வாழ்ந்தவரின் விண்ணப்பம் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை. முறை மாற்றி ஊருக்குப் போகும் அந்த அழகான வழமையே அவர்களுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது.

1951 ஓகஸ்ட் 5 கடைசித் திகதி. ஏறத்தாழ 2 இலட்சத்து 37 ஆயிரம் விண்ணப்பங்கள் போயின. குடும்பங்களோடு சேர்த்தால் 8 இலட்சத்துக்கும் அதிகமானவர்கள். கடைசியில் பிரஜாவுரிமை கிடைத்தது சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கு மட்டும்.

இந்தியப் பிரஜைகளாகவே நின்ற வியாபாரிகளுக்குத் தற்காலிக வதிவிட அனுமதி. நம் பெரியவர்கள் வாயில் அது 'டி.ஆர்.பி.' காலம் முடியும் முன்பு நீடிப்புக்கு மனுப் போட வேண்டும். கிடைத்தால் கடை திறந்திருக்கும், கிடைக்காவிட்டால் கடையை உள்ளூர்க்காரருக்குக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். பெரியவருடைய மாமுவுக்கு நடந்தது இதுதான். அந்தக் கடைகள் சிலவற்றின் பழைய பெயரைத்தான் இன்றைக்கும் வயதானவர்கள் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். புதிய முதலாளிக்கு அது யார் பெயர் என்றே தெரியாது.

அதே காலத்தில்தான் 'கள்ளத்தோணி' என்ற சொல் பரவியது. 1952இல் 'ஒப்பரேஷன் மொன்டி' என்று வடக்குக் கரையில் இராணுவம் காவலுக்குப் போனது. கடலில் பிடிபட்டவர்களுக்கு வைத்த பெயரைக் கொழுந்து எடுக்கும் பெண்ணுக்கும் வைத்தார்கள். அவள் கடலையே பார்த்திருக்க மாட்டாள்.

1964 ஒக்டோபர் 30. சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம். 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரை இரண்டு நாடுகளும் பங்கு போட்டன. இந்தியாவுக்கு 5 இலட்சத்து 25 ஆயிரம், இலங்கைக்கு 3 இலட்சம். மிச்சம் 1 இலட்சத்து 50 ஆயிரத்தை 1974இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். பரீட்சைக்கு இதை எல்லாப் பிள்ளைகளும் மனனம் செய்கிறார்கள். ஆனால் ஒப்பந்தத்துக்குள்ளே இருக்கும் ஒரு வாசகத்தை யாரும் கவனிப்பதில்லை. இந்தியாவுக்குப் போக வேண்டியவர்கள் போகும் நாள் வரை இங்கே தங்குவதற்கு வசதி செய்துகொடுக்கப்படும், கட்டணம் இல்லாமல் வீசா வழங்கப்படும் என்று அதில் இருக்கிறது. வேலையில் இருப்பவர்கள் புறப்படும் நாள் வரை, அல்லது 55 வயது வரை, இரண்டில் எது முந்துகிறதோ அதுவரை வேலை செய்யலாம்.

இலவச வீசா! லயத்தில் பிறந்து, அதே லயத்தில் பிள்ளை பெற்று, அதே மலையில் பெற்றோரை அடக்கம் செய்த மனிதருக்குத் தன் காம்பராவில் படுக்க இலவச வீசா. 2023 நவம்பரில் இந்தியா, சீனா, ரஷ்யா உட்பட ஏழு நாட்டு உல்லாசப் பயணிகளுக்கு இலவச வீசா என்று செய்தி வந்தபோது நமக்கு நினைவு வந்தது இதுதான்.

கண்டியில் இருந்த இந்திய உதவி உயர் ஸ்தானிகர் அலுவலகத்தில் பாஸ்போட் எடுத்தவர்கள், நாள் வந்ததும் மலையிலிருந்து ரயில் ஏறினார்கள். வழியனுப்ப வந்தவர்கள் ஸ்டேஷனில் கதறிய கதறலால் அந்த ரயிலுக்கு 'ஒப்பாரிக் கோச்சி' என்றே பெயர். இன்று அதே தண்டவாளத்தில், நானுஓயாவிலிருந்து எல்ல வரைக்கும் கதவில் தொங்கிப் படம் எடுக்கிறார்கள். அவர்களில் பிழை சொல்ல ஒன்றுமில்லை. தெரியாது, அவ்வளவுதான்.

1984இல் கப்பல் நின்றது. இந்தியப் பாஸ்போட் கையில், போக வழியில்லை. இப்படிப் பல்லாயிரம் பேர் தோட்டங்களிலேயே தங்கிவிட்டார்கள். காகிதத்தில் வெளிநாட்டவர், காலையில் பெரட்டுக்குப் போகிற தொழிலாளி. இந்தியா 6 இலட்சம் பேரை எடுப்பதாகச் சொன்னாலும் அங்கே விண்ணப்பித்தது 5 இலட்சத்து 6 ஆயிரம் பேர்தான். மிச்சம் 94 ஆயிரம் பேருக்கு 1986இல் ஒரு சட்டம், பிறகு 1988இல் ஒரு சட்டம். பாஸ்போட் எடுத்துவிட்டுப் போகாமல் இருந்தவர்களுக்கும் சேர்த்துக் கதவு திறந்தது 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம். 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வசித்தவர்களும் அவர்களுடைய சந்ததியும் பிரஜைகள் என்றது. அந்த வருடக் கடைசியில் நடமாடும் நிலையங்கள் வைத்துப் பத்தே நாளில் 1 இலட்சத்து 90 ஆயிரத்துக்கும் அதிகமானவர்களைப் பதிந்தார்கள். ஐம்பது வருடம் நீடித்து நீடித்து வந்த விஷயம், மனம் வைத்தால் பத்து நாள் வேலைதான் என்பது அப்போது தெரிந்தது.

இனி இன்றைய நிலைமை. உல்லாசப் பயண வீசா முதலில் 30 நாள். நீடித்து நீடித்து மொத்தம் 270 நாள் வரைக்கும் இருக்கலாம். முன்பு இது 90 நாளாகவும் 180 நாளாகவும் இருந்தது. 2020இல் கொரோனாவில் விமான நிலையம் மூடியபோது இங்கே மாட்டியவர்களுடைய வீசாவைத் திணைக்களம் தானாகவே திரும்பத் திரும்ப நீடித்தது. 2022இல் உக்ரைன் யுத்தம் தொடங்கியதும் இங்கே இருந்த ஆயிரக்கணக்கான உக்ரைன், ரஷ்ய நாட்டவர்களுக்கு நீடிப்புக் கொடுத்தார்கள். நல்ல காரியம். ஊருக்குப் போக முடியாதவரை வெளியே தள்ளாமல் இருப்பதுதான் மனிதத் தன்மை. 2024 பெப்ரவரியில் இனிப் போதும், இரண்டு வாரத்துக்குள் புறப்படுங்கள் என்று அறிவித்தபோது அதற்கும் பெரிய சர்ச்சை வந்தது. 1942இல் ஊரில் மாட்டிய நம் ஆட்களுக்காக இப்படி யாரும் சர்ச்சை பண்ணவில்லை.

ஓட்டோத் தம்பிமாருக்கும் ஹோம்ஸ்டே நடத்துகிறவர்களுக்கும்: விருந்தாளியின் வீசா முடியும் முன்பே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். திணைக்களத்தின் சொந்தத் தளத்தில் மட்டும் செய்யச் சொல்லுங்கள். இடைத்தரகராகக் கை நீட்டாதீர்கள். உல்லாச வீசாவில் இருப்பவரைச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளாதீர்கள், அது இருவருக்கும் பிரச்சினை.

இந்தியாவுக்கு ஸியாரத்துக்கும் வைத்தியத்துக்கும் போகிறவர்களுக்கு: இ-டூரிஸ்ட் வீசாவை அங்கே இருந்துகொண்டு நீடிக்க முடியாது, வேறு வகையாக மாற்றவும் முடியாது. ஒப்பரேஷனுக்குப் போகிறவர் மருத்துவ வீசா எடுத்தே போங்கள்.

டுபாய்க்கு விசிட் வீசாவில் அனுப்பும் பெற்றோருக்கு: நாள் தாண்டினால் அங்கே ஒரு நாளைக்கு 50 திர்ஹம் தண்டம். வேலை கிடைக்கும் வரை நீடித்துக்கொண்டே இருக்கலாம் என்று ஏஜென்ட் சொல்லுவார். நீடிப்புக்கும் பணம், தண்டத்துக்கும் பணம், கையில் வேலையில்லை. போன வருடம் நம்மிடம் படித்த ஒரு பிள்ளை அப்படித்தான் மாட்டி, உம்மாவின் நகையை விற்றுத் தண்டம் கட்டித் திரும்பி வந்தது. போகிறதென்றால் வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்து, வேலை வீசாவில் போகட்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெட்டியடியில் பழைய டி.ஆர்.பி., பிரஜாவுரிமைச் சான்றிதழ், நீல நிறமோ கறுப்பு நிறமோ பழைய பாஸ்போட், நிராகரித்து வந்த கடிதம் ஏதாவது இருந்தால் கறையான் அரிக்கும் முன்பு வெளியே எடுங்கள். படம் பிடித்து நமக்கு அனுப்புங்கள். பெயரையும் இலக்கத்தையும் மறைத்தே வைத்துக்கொள்வோம். அடுத்த தவணையில் பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு வரலாற்றுப் பாடத்தில் காட்ட வேண்டும். தேத்தண்ணிக் கடைப் பெரியவர் தன் மாமுவின் கடிதம் ஒன்றைத் தேடித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.