முப்பதில் ஒருவர்

வென்ற அரசனுக்குப் பரணி உண்டு. வீழ்ந்த மறவனுக்கு நடுகல் உண்டு. கட்டளைக்குக் கீழ்ப்படிந்த சாதாரணச் சிப்பாய்க்கு என்ன உண்டு?

1987 யூலை 29இல் இலங்கை–இந்திய ஒப்பந்தம் கைச்சாத்தானது. அமைதிப்படையை யாழ்ப்பாணம் மாலையிட்டு வரவேற்றது. மூன்று மாதம் நிறையுமுன் போர் மூண்டது.

ஒக்டோபர் 11க்கும் 12க்கும் இடைப்பட்ட இரவு. புலிகளின் தலைமையைப் பிடிக்கவென்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகொப்டர்கள் படையினரை இறக்கின. அவர்களுள் 30 பேர் சீக்கிய இலகு காலாட்படையின் 13ஆவது பட்டாலியனைச் சேர்ந்தவர்கள். பஞ்சாபின் ஒடுக்கப்பட்ட சாதிக் குடும்பங்களின் பிள்ளைகளே பெரும்பாலும் அப்படையணியில் சேர்பவர்கள். இராணுவத்தின் வானொலித் தொடர்பை ஒட்டுக்கேட்ட புலிகள் முன்னரே காத்திருந்தார்கள். துணைப்படை வந்து சேரவில்லை. மறுநாள் தோட்டா தீரும்வரை சண்டை. 29 பேர் மாண்டார்கள். ஒரேயொரு சிப்பாய் உயிரோடு பிடிபட்டார்.

அதே மாதம் 21ஆம் திகதி, யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் இந்தியப் படையினரின் சூட்டுக்கு வைத்தியர், தாதியர், நோயாளர் என அறுபதுக்கு மேற்பட்டோர் பலியாயினர். அந்தக் கணக்கை எந்த இரக்கமும் அழித்துவிடாது. ஆண்டுதோறும் அவர்களுக்குச் சுடர் ஏற்றுகிறோம்.

ஆனாலும், திட்டம் தீட்டியவர்கள் எவரும் அந்த மைதானத்தில் இறங்கவில்லை. இறங்கியவர்கள், இந்த ஊரின் மொழியும் ஒழுங்கையும் அறியாத ஏழை வீட்டுப் பிள்ளைகள். நம் துயரை மறவாமலே அவர்களின் தாய்மாரையும் நினைக்க முடியுமானால், அதுவே இலக்கியம் நமக்குக் கற்றுத்தந்த பாடம்.