அம்மிக்கல் முதல் மிக்ஸி வரை: நம் அடுப்படியின் கதை



வெளியூரில் வேலை பார்க்கும் நீங்கள் பொங்கலுக்கோ, ஆடி மாதம் அறப்பளீஸ்வரர் கோயிலுக்கோ வரும்போது, 70 கொண்டை ஊசி வளைவும் ஏறி அம்மாவுக்கு ஒரு புது மிக்ஸி கொண்டு வருகிறீர்கள். நல்ல காரியம். ஆனால் அதை எப்படிப் பயன்படுத்துவது என்று யாரும் உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பதில்லை. சில மாதங்களில் புகை நாற்றம் வருகிறது, மிக்ஸி பரணுக்குப் போகிறது. மறுநாள் காலையில் குழவியைப் பிடிப்பது மறுபடியும் அம்மாவின் கைதான். அதனால் இன்று இந்தச் சின்ன இயந்திரத்தின் வரலாற்றை எழுதுகிறேன். வரலாறு தெரிந்தால் அதை எரியாமல் வைத்துக்கொள்ளும் வழியும் தெரிந்துவிடும்.

நம் மலையில் அரைப்பது என்றால் அது பெண்களின் உழைப்பு. சாமைக்கு உரலும் உலக்கையும், கேழ்வரகுக்குத் திருகை, மசாலுக்கு அம்மி, மாவுக்கு ஆட்டுக்கல். சாமையின் உமியைப் போக்கக் குத்துவதும் புடைப்பதுமாக நேரம் போகும். கொல்லிமலையில் சிறுதானியங்கள் குறைந்து மரவள்ளி பெருகியதற்கு இந்தச் சிரமமும் ஒரு காரணம். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே சிறுதானியங்களைக் காக்க முனைந்தபோது, விதையோடு நிற்காமல் ஊர்களில் அரைவை இயந்திரங்களையும் கொண்டு வந்தது அதனால்தான். அரைக்கும் பாடு குறையாமல் பழைய தானியம் தட்டுக்குத் திரும்பாது.

இனி மிக்ஸிக்கு வருவோம். 1922இல் அமெரிக்காவில் ஸ்டீபன் போப்லாவ்ஸ்கி என்பவர் ஒரு பாத்திரத்தின் அடியில் சுழலும் பிளேடைப் பொருத்தினார். மால்ட் கலந்த பால் பானம் தயாரிக்கத்தான் அது. 1937இல் பிரெட் வாரிங் என்ற இசைக்குழுத் தலைவர் விற்பனைக்குக் கொண்டுவந்த பிளெண்டர் புகழ் பெற்றது. இவையெல்லாம் பாலையும் பழத்தையும் கலக்கப் பிறந்த கருவிகள். காய்ந்த மிளகாயையும் கொட்டைத் தேங்காயையும் அவை பார்த்ததே இல்லை.

நம் நாட்டில் முதலில் கல்லுக்கே மோட்டார் பூட்டினார்கள். 1955இல் கோயம்புத்தூரில் பி.சபாபதி என்பவர் வெட் கிரைண்டரை உருவாக்கினார். ஆட்டுக்கல்லைச் சுற்றும் வேலையை மின்சாரம் எடுத்துக்கொண்டது. பின்னாளில் கோவை வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

அம்மி வேலை மட்டும் பாக்கி இருந்தது. 1960களில் மும்பையில் சீமென்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்தவர் சத்ய பிரகாஷ் மாத்தூர். அவர் மனைவி மாதுரி வைத்திருந்த ஜெர்மன் பிளெண்டர் நம் ஊர்ச் சமையலுக்கு ஈடுகொடுக்க முடியாமல் பழுதானது. அதைச் சரிசெய்ய இங்கே வழியும் இல்லை. உலர்ந்த மசாலாவையும் ஈரச் சட்னியையும் தாங்கும் வலுவான மோட்டாருடன் ஓர் இயந்திரத்தைத் தானே செய்தார் மாத்தூர். அதுதான் சுமீத் மிக்ஸி. பெயருக்கு நல்ல நண்பன் என்று பொருள். 1978இல் சென்னையில் பிரீத்தி வந்தது. 2011இல் அதை பிலிப்ஸ் நிறுவனம் வாங்கியது. அதே 2011இல் செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளன்று, முதலமைச்சர் ஜெயலலிதா விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். காசு கொடுத்து வாங்க முடியாத வீடுகளுக்கும் மிக்ஸி வந்து சேர்ந்தது.

கவனித்தீர்களா பிள்ளைகளே? நம் மிக்ஸி பிறந்ததே ஓர் இயந்திரம் பழுதானதால்தான். அதன் ஒவ்வொரு பாகமும் ஏதோ ஒரு பழுதுக்குச் சொன்ன பதில். ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

முதலில் மோட்டார். இது மிக வேகமாகச் சுற்றும். அதனால் வேகமாகச் சூடாகும். பல மிக்ஸிகளின் அடியில் '30 நிமிடம்' என்று எழுதியிருக்கும். அரை மணி நேரம் விடாமல் ஓட்டலாம் என்பது அதன் பொருள் அல்ல. சில நிமிடம் ஓட்டி, ஓரிரு நிமிடம் ஓய்வு கொடுத்து, அப்படி ஓட்ட வேண்டிய கணக்கு அது. மாட்டுக்குக் கொடுக்கும் ஓய்வை மோட்டாருக்கும் கொடுங்கள். அடியில் காற்று போக வழி உண்டு; துணி மேல் வைத்து ஓட்டினால் அது அடைபடும். விளக்கு மங்கி எரியும் நேரத்தில் அரைக்காதீர்கள். மோட்டார் திணறும், உள்ளே இருக்கும் விசிறியும் மெதுவாகச் சுற்றும், சுருள் கருகும்.

அடுத்தது சிவப்புப் பொத்தான். சுமை மீறினால் மிக்ஸி தானே நின்றுவிடும். உடனே பழுது என்று எண்ண வேண்டாம். பிளக்கைப் பிடுங்கி, ஜாரில் பாதியை எடுத்துவிட்டு, ஆறிய பிறகு அடியில் உள்ள பொத்தானை அழுத்துங்கள். அடிக்கடி அது விழுந்தால் நீங்கள் அதிகம் திணிக்கிறீர்கள் என்று பொருள்.

மூன்றாவது, ஜாரையும் மோட்டாரையும் இணைக்கும் கப்ளர். பிளேடு முழுவதும் நிற்கும் முன் ஜாரைத் தூக்கினால் அதன் பற்கள் தேயும். ஜாரின் அடியிலிருந்து நீர் கசிந்தால் புஷ் தேய்ந்திருக்கிறது. உடனே மாற்றுங்கள், இல்லையென்றால் அந்த நீர் மோட்டாருக்குள் இறங்கும்.

நம் மலைப் பொருள்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். மிளகை நன்றாகக் காய வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக, விட்டு விட்டு அரையுங்கள். ஒரே ஓட்டமாக ஓட்டினால் சூடேறி வாசனை போய்விடும். சுக்கு, விரலி மஞ்சள், கருப்பட்டி இவற்றை முதலில் உரலில் தட்டி உடைத்த பிறகே போடுங்கள். வறுத்த மசாலா ஆறட்டும். சட்னிக்குத் தேங்காயைச் சிறு பத்தையாக நறுக்குங்கள். உமி நீக்காத சாமையை மிக்ஸியில் போடாதீர்கள். உமி கழலாது, அரிசிதான் நொறுங்கும். அதற்கு மில்தான் சரி.

கடைசியாக, உயிரும் விரலும் சம்பந்தப்பட்டது. கொதிக்கும் குழம்பையோ, வெந்த பருப்பையோ சூட்டோடு ஜாரில் மூடி ஓட்டாதீர்கள். ஆவி மூடியைத் தூக்கி எறியும், முகம் வெந்துபோகும். ஓடும்போது மூடியின் மேல் கை இருக்க வேண்டும். கரண்டியையோ விரலையோ உள்ளே விடும் முன் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே பிடுங்குங்கள். ஈரக் கையோடு பிளக்கைத் தொடக் கூடாது. மோட்டார் பகுதியை ஒருபோதும் தண்ணீரில் முக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஈரத்துணியால் துடைத்தால் போதும். குழந்தைகள் உள்ள வீட்டில் பிளேடுள்ள ஜாரை உயரத்தில் வையுங்கள்.

அம்மியைத் தூக்கி எறியவும் வேண்டாம். கரண்ட் இல்லாத மழை நாளில் அதுதான் கைகொடுக்கும். ஆனால் வயதான அம்மாவை தினமும் அதன் முன் குனிய வைக்காதீர்கள். இன்று வீட்டுக்கு போன் செய்து, மிக்ஸி எப்படி இருக்கிறது, ஜார் அடியில் கசிவு இருக்கிறதா, சிவப்புப் பொத்தான் எங்கே என்று தெரியுமா என்று கேளுங்கள். படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்.

எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர், வளப்பூர் நாடு