பாயில் பிறந்த அடக்கம்

தற்காப்புக் கலை ஒழுக்கத்தைத் தரும் என்று இன்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி ஜப்பானில் அப்படிச் சொல்லியிருந்தால் பலர் நம்பியிருக்க மாட்டார்கள். 1876இல் சாமுராய்கள் வாள் தரிக்கத் தடை வந்தது. ஆதரித்த பிரபுக்கள் போனபின் ஜூஜுட்ஸு என்ற பழைய மற்போர்க் கலையின் ஆசான்கள் சிலர் கட்டணம் வாங்கிக் காட்சி நடத்திப் பிழைத்தார்கள். முரடர்களின் வித்தை என்ற பெயரும் அதற்கு ஒட்டிக்கொண்டது. அந்த நிலையில்தான் 1882இல், டோக்கியோவின் எய்ஷோஜி பௌத்தக் கோயிலில், 12 பாய்கள் விரித்த இடத்தில் 9 மாணவர்களோடு, தான் வகுத்த ஜூடோவுக்கான கோடோகான் பள்ளியைத் தொடங்கினார் கானோ ஜிகோரோ. அவர் கல்வியாளர், பின்னாளில் டோக்கியோ உயர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குப் பல ஆண்டுகள் தலைவராக இருந்தவர். ஜூடோவின் ஒழுக்கம் கடுமையிலிருந்தோ ஆசானுக்குப் பணிவதிலிருந்தோ வந்ததல்ல, அவர் பயிற்சியை அமைத்த விதத்திலிருந்து வந்தது என்பதே என் வாதம்.

ஜூடோவில் வீழ்த்துவதற்கு முன் விழக் கற்க வேண்டும். தாடையை மார்போடு ஒடுக்கி, கையால் பாயை அறைந்து, அடியின் வேகத்தை உடம்பெங்கும் பரப்பி விழும் அந்தப் பாடத்துக்கு உகேமி என்று பெயர். விழப் பயப்படுகிறவன் விறைத்து நிற்பான், விறைத்தவன் பதறுவான். பயம் விலகியபின்தான் நிதானத்துக்கு இடம் உண்டு. அடுத்தது ராண்டோரி, அதாவது முன்கூட்டிப் பேசி வைக்காத பிடி. குத்து, உதை போன்ற ஆபத்தான அடிகளைக் கட்டா எனும் முறைப்படுத்திய வரிசைக்குள் வைத்துவிட்டதால், மிச்சமிருந்த பிடிகளை முழு பலத்தோடு போட முடிந்தது. கோபத்தில் பாய்கிறவன் தன் எடையை முன்னே கொடுத்துவிடுகிறான். எதிராளி அதையே பிடித்து அவனை வீழ்த்துகிறான். கோபத்துக்கான தண்டனையை ஆசான் தர வேண்டியதில்லை, அந்தக் கணமே பாயில் கிடைத்துவிடுகிறது. கழுத்துப் பிடியில் சிக்கியவன் தோல்வியை ஒப்பித் தட்டினால் பிடித்தவன் விட்டாக வேண்டும். வெல்லும் நொடியில் கையைத் தளர்த்துவதைவிடக் கடினமான அடக்கப் பயிற்சி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இவையெல்லாம் பழைய ஜூஜுட்ஸுவிலேயே இருந்தனவே என்று கேட்கலாம். இருந்தன, தென்ஜின் ஷின்யோ, கிட்டோ ஆகிய மரபுகளில்தான் கானோ கற்றார். ஆனால் ராண்டோரியைப் பயிற்சியின் நடுவே வைத்து, அதைக் கல்வியாக வகுத்தது அவருடைய பங்கு. இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. 1931இல் ஜப்பானிய ஆண்கள் நடுநிலைப் பள்ளிகளில் ஜூடோவும் வாள்வீச்சுக் கலையான கெண்டோவும் கட்டாயமாயின. போர்க்காலத்தில் அவை படைக்கு ஆள் தயாரிக்கும் பாடங்களாகத் திரிந்தன. ஆகவேதான் போருக்குப்பின் நேச நாட்டு நிர்வாகம் பள்ளிகளில் அவற்றைத் தடை செய்தது. ஜூடோ 1950இல்தான் திரும்பியது. இதை மறைக்க வேண்டியதில்லை. கட்டளைக்குக் கீழ்ப்படிவது வேறு, தன்னைத்தான் அடக்குவது வேறு. முன்னதை எந்த அணிவகுப்பும் கற்றுத்தரும்; அதற்கு ராண்டோரி தேவையே இல்லை.

இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணிய பிழை போரோடு முடியவும் இல்லை. 1983 முதல் சுமார் முப்பது ஆண்டுகளில் ஜப்பானியப் பள்ளி ஜூடோவில் 100க்கும் மேற்பட்ட மாணவர்கள் இறந்தார்கள். தலையில் அடிபட்டு இறந்தவர்கள் பலர், அவர்களில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் நிறைய. விழக் கற்காத பிள்ளையை வீழ்த்திவிட்டு அதை மன உறுதிக்கான பயிற்சி என்று சொன்ன இடங்களில் ஒழுக்கம் தவறியவர்கள் பெரியவர்கள்தான்.