புதுச்சேரி நகராட்சிச் சொத்து வரி

புதுச்சேரி நகராட்சிச் சொத்து வரி என்பது புதுச்சேரி நகராட்சி எல்லைக்குள் உள்ள வீடுகள், கடைகள், பிற கட்டடங்கள் ஆகியவற்றின் மீது விதிக்கப்படும் வரியாகும். பேச்சுவழக்கில் இது வீட்டு வரி எனப்படுகிறது. நகராட்சியின் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் முதன்மையான சொந்த வருவாய் இனங்களுள் இதுவும் ஒன்று.

வரலாறு

பிரெஞ்சு ஆட்சியில் 1880 மார்ச் 12 ஆம் நாளிட்ட ஆணையின்படி இங்கு நகராட்சி மன்றங்கள் அமைக்கப்பட்டன. மன்றத்திற்கு மேயர் தலைமை வகித்தார். பின்னர் 1973 ஆம் ஆண்டின் நகராட்சிகள் சட்டம் 1974 சனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது.

வரியும் மன்றமும்

1968 க்குப் பின், 38 ஆண்டுகள் கழித்து 2006 இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடைபெற்றது. அம்மன்றத்தின் பதவிக்காலம் 2011 இல் முடிவடைந்தது. 2021 இல் அறிவிக்கப்பட்ட தேர்தல் நடைபெறவில்லை. மன்றம் இல்லாத காலங்களில் நிர்வாகத்தை அரசு அலுவலர்களே கவனித்தனர். ஆகவே வரவு செலவுத் திட்டமும் வரி உயர்வும், வரி செலுத்துவோர் தேர்ந்தெடுத்த உறுப்பினர்களின் விவாதமின்றியே முடிவு செய்யப்பட்டன.